காம்பி பாய்லருக்கு ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: ஹாரோ வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில் உள்ள இந்த வீடு 1930களில் கட்டப்பட்டது. மூன்று படுக்கையறைகள் கொண்டது, ஒரு பக்கச் சுவரை மட்டும் அண்டை வீட்டோடு பகிர்ந்துகொள்வது, அந்தக் காலத்து லண்டன் புறநகரெங்கும் வரிசை வரிசையாக நிற்கும் வகையைச் சேர்ந்தது. வீட்டில் நால்வர் வசிக்கிறார்கள்: மருத்துவமனையில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் கணவர், அலுவலகம் செல்லும் மனைவி, அவர்களது 4 வயதுக் குழந்தை, கணவரின் 78 வயதுத் தாயார். தாயார் பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பவர். கையில் ஸ்மார்ட்போன் உண்டு என்றாலும், பேசுவதற்கும் வீடியோ அழைப்புக்கும் மேல் அதை அவர் பயன்படுத்துவதில்லை.

சமையலறை அலமாரிக்குள் இருக்கும் 30 கிலோவாட் காம்பி பாய்லர் 2016-இல் பொருத்தப்பட்டது. குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருவதும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடான நீரைச் சுற்றவிடுவதும் அந்த ஒரே பாய்லரின் வேலை. தனியாக வெந்நீர்த் தொட்டி கிடையாது. அடுத்த ஆண்டே, அறை வெப்பத்தைப் பார்த்துப் பாய்லரை எரியவும் அணையவும் செய்யும் ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும் சேர்க்கப்பட்டது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. முன்வாசலை அடுத்து வீட்டுக்குள் இருக்கும் நடைபாதையின் சுவரில் திரையோ பொத்தானோ இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டி, பாய்லருக்குப் பக்கத்தில் வைஃபை வழியாகக் கட்டளை பெற்று அதை இயக்கும் ஒரு ரிசீவர், எல்லாவற்றையும் இயக்க போனில் ஒரு செயலி: அமைப்பு இவ்வளவுதான்.

நிகழ்வு

2024 ஜனவரி நடுப்பகுதியில், லண்டனில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்க்கொண்டிருந்த வாரத்தில், வீட்டின் இணைய நிறுவனம் ரவுட்டரை மாற்றித் தந்தது. புதிய ரவுட்டரோடு வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாறின. போன்களையும் தொலைக்காட்சியையும் அன்றே இணைத்துவிட்டார்கள். அலமாரிக்குள் இருந்த ரிசீவர் யார் நினைவுக்கும் வரவில்லை. எந்த நேரம் எந்த வெப்பம் என்ற அட்டவணை முழுவதும் நிறுவனத்தின் சர்வரில் இருந்ததால், இணைப்பு அறுந்ததும் ரிசீவர் கட்டளை ஏதும் வராத நிலையில் பாய்லரை அணைத்தே வைத்திருந்தது.

மறுநாள் பகலில் தாயாரும் குழந்தையும் மட்டுமே வீட்டில் இருந்தார்கள். சுவரில் இருந்த பெட்டியைத் தட்டியும் திருகியும் பார்த்துப் பயனில்லாமல், தாயார் ஒரு சிறிய மின் ஹீட்டரை வைத்துக்கொண்டு ஒரே அறைக்குள் குழந்தையோடு இருந்துவிட்டார். மாலையில் மருமகள் திரும்பியபோது நடைபாதையில் 14 டிகிரி. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டினுள் 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் மேலே தேவைப்படலாம் என்கிறது.

புதிய வைஃபையோடு ரிசீவரை இணைக்க, செயலியில் பழைய கணக்கின் வழியே நுழைய வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு கணவரின் முந்தைய வேலையிட மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அந்த மின்னஞ்சல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடிக்கையாளர் சேவையோடு பேசி உரிமையை நிரூபிக்கச் சில நாட்கள் பிடித்தன. அதுவரை வீட்டைச் சூடாக வைத்தது ரிசீவரின் அடிப்பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் இணையம் இல்லாமலே பாய்லர் எரியும் என்பது கையேட்டில் இருந்தது. ஆனால் அந்தப் பொத்தானுக்கு முன்னால் சமையல் எண்ணெய் டப்பாக்கள் அடுக்கப்பட்டிருந்தன.

புதிய தெர்மோஸ்டாட் வாங்குவது என்று குடும்பத்தார் முடிவு செய்தது இதன் பிறகுதான். எதை வாங்குவது என்று கேட்டு பிப்ரவரியில் என்னை அழைத்தார்கள். வீட்டு எரிசக்தி ஆலோசனை என் தொழில். இங்கே எழுதியிருப்பது அவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு எழுதப்பட்டது.

நேரில் பார்த்தவை

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கேட்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர்களைத்தான். நடைபாதை ரேடியேட்டரில், சுற்றியுள்ள வெப்பத்துக்கேற்பத் தானே மூடித் திறக்கும் தெர்மோஸ்டாட்டிக் வால்வு 2 என்ற எண்ணில் நின்றிருந்தது. ஒரே இடத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று மோதும்: சுவரில் உள்ள தெர்மோஸ்டாட் 20 டிகிரி வரவேண்டும் என்று பாய்லரை எரியச் சொல்கிறது, நடைபாதை 17-ஐத் தொடும்போதே வால்வு மூடிக்கொள்கிறது, 20 டிகிரி வரப்போவதே இல்லை என்பதால் பாய்லருக்கு ஓய்வும் இல்லை. தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் அத்தகைய வால்வு இருக்கக் கூடாது, இருந்தால் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். ஆனாலும் நான் போகும் வீடுகளில் பாதியிலாவது இந்தக் கோளாறு இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. எட்டு ஆண்டு காலம் இவர்கள் கட்டிய எரிவாயுக் கட்டணத்தில் ஒரு பங்கு எந்த ஸ்மார்ட் கருவியாலும் தீர்த்திருக்க முடியாத இந்த மோதலுக்குப் போயிருக்கிறது.

அடுத்தது பாய்லர். ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பம் 75 டிகிரியில் வைக்கப்பட்டிருந்தது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தபோது, பர்னர் பற்றிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் எரிந்து, நீர் அளவுக்கு மேல் சூடாகி அணைந்து, சற்று நேரத்தில் மறுபடி பற்றியது. இப்படி அடிக்கடி பற்றி அணைவது எரிபொருளையும் வீணாக்கும், உதிரிப்பாகங்களையும் தேய்க்கும். இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 30 கிலோவாட் என்பது குளியலறைக்கு வெந்நீர் தருவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படும் அளவு. இந்த மாதிரி வீடு கடுங்குளிரிலும் ரேடியேட்டர்கள் வழியே கேட்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கையேட்டின்படி இந்தப் பாய்லரைத் தணிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு ஏறக்குறைய 7 கிலோவாட். வீடு அதைவிடக் குறைவாகக் கேட்கும்போது பாய்லர் பற்றி அணைவதைத் தவிர வேறு வழியில்லை.

75 டிகிரி அமைப்பால் இன்னொரு இழப்பும் உண்டு. இன்றைய பாய்லர்கள் கண்டென்சிங் வகையைச் சேர்ந்தவை: புகையோடு வெளியேறும் நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் திரும்பப் பெறுபவை. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். 75-இல் போகும் நீர் பெரும்பாலும் அதற்கு மேலான சூட்டோடேயே திரும்பும். பிரிட்டனில் நெஸ்டா என்ற அறக்கட்டளை, எரிவாயு விலை உச்சத்தில் இருந்த 2022-இல், காம்பி பாய்லர் வைத்திருப்போர் இந்த அளவை 60 டிகிரிக்குக் குறைக்கும்படி ஒரு பிரச்சாரமே நடத்தியது. இந்த வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

மூன்றாவதாகக் கம்பிகள். பாய்லரின் இணைப்புப் பலகையில் வெறும் சுவிட்ச் போலப் பயன்படும் முனைகளோடு, தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் விவரம் பரிமாறிக்கொள்ளும் மொழியான ஓப்பன்தெர்ம் என்ற நெறிமுறைக்கான தனி முனைகளும் இருந்தன. பழைய ரிசீவர் சுவிட்ச் முனைகளில் இணைக்கப்பட்டிருந்தது. அதாவது எரி, அணை என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அதற்கும் பாய்லருக்கும் இடையே பேச்சு கிடையாது. அலமாரிக்குள் வைஃபை அலை பலவீனமாக இருந்ததையும் குறித்துக்கொண்டேன்.

ஸ்மார்ட் தேவையா என்ற கேள்வி

குடும்பத்தார் முன்னால் நான் முதலில் வைத்த கேள்வி இதுதான். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நேரம் குறிக்கக்கூடிய சாதாரண தெர்மோஸ்டாட் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். இணையமோ கணக்கோ கடவுச்சொல்லோ வேண்டாம். பலருக்கு அதுவே போதும், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் கணவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. இரவுப் பணியில் இருக்கும்போது அம்மாவின் அறை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும்போது அட்டவணையையும் மாற்ற வேண்டும் என்றார். தாயாரின் நிபந்தனை அதைவிடச் சுருக்கமானது: “சுவத்துல ஒண்ணு இருக்கணும், நான் திருப்பினா எரியணும்.”

இரண்டையும் நிறைவேற்றும் கருவியைத் தேடுவது என்று முடிவானது. நம்பகம் என்பதற்கு இந்த வீட்டைப் பொறுத்தவரை என்ன பொருள் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெளிவாகிவிட்டது. இணையம், செயலி, கணக்கு, ஏன் தயாரித்த நிறுவனமேகூட இல்லாமல் போன நாளிலும் எது இயங்குகிறதோ அதுவே நம்பகமானது. விளம்பரங்களில் முன்னால் நிற்கும் அம்சங்கள் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும் நாளைப் பற்றியவை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அட்டவணை கருவியிலோ அதன் ரிசீவரிலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை வைத்து இதை அறிய முடியாது. பொருத்தும் கையேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, இணைய இணைப்பு இல்லாதபோது என்ன நடக்கும் என்ற பகுதியைப் படிக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் நடந்தது மறுபடியும் நடக்காமலிருக்க இது ஒன்றே வழி. தெர்மோஸ்டாட்டும் ரிசீவரும் தங்களுக்குள் வைஃபை வழியே அல்லாமல் தனி ரேடியோ அலையில் பேசுபவையாக இருக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தோம். அப்படியானால் அலமாரிக்குள் வைஃபை எட்டவில்லை என்றாலும் பாய்லர் எரியும்.

பாய்லரோடு பேசும் மொழி பற்றியது இரண்டாவது நிபந்தனை. ஓப்பன்தெர்ம் வழியே இணைந்த தெர்மோஸ்டாட், அறைக்கு இன்னும் எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்த்து, 45 டிகிரி நீர் போதும், 50 போதும் என்று பாய்லரிடம் கேட்கும். பாய்லரும் அதற்கேற்பச் சுடரைத் தணிக்கும். வெறும் சுவிட்சால் இது முடியாது. எல்லாப் பாய்லர்களும் இந்த மொழியைப் பேசுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: வாய்லண்ட் தனக்கென ஈபஸ் என்ற நெறிமுறையையும், வூஸ்டர் பாஷ் ஈஎம்எஸ் என்பதையும் வைத்திருக்கின்றன. ஒரு வீட்டுக்கு மிகச் சிறந்த தெர்மோஸ்டாட் அடுத்த வீட்டில் வெறும் விலையுயர்ந்த சுவிட்சாகிவிடுவது இதனால்தான். இந்த வீட்டார் கடைசியில் வாங்கிய மாடலின் பெயரை இங்கே எழுதாததற்கும் இதுவே காரணம்.

சேமிப்பு பற்றிய எதிர்பார்ப்பை மட்டுப்படுத்தவும் இந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரம் உதவியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு எரிசக்தி முத்திரை விதிகள் கட்டுப்பாட்டுக் கருவிகளை எட்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வெப்ப அமைப்பின் செயல்திறனில் எவ்வளவு கூட்டுகிறது என்று மதிப்பிடுகின்றன. எரி, அணை என்று மட்டும் சொல்லும் அறைத் தெர்மோஸ்டாட்டுக்கு 1 சதவீதம். நீரின் வெப்பத்தைத் தணிக்கக்கூடியதற்கு 3 சதவீதம். வெளிவெப்பத்தையும் அறை வெப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு 4 சதவீதம். கடைப் பெட்டிகளில் காணும் எண்களுக்குப் பக்கத்தில் இவை மிகவும் அடக்கமானவை. அந்தப் பெரிய எண்களில் ஒரு பகுதி, ஆளில்லாத வீட்டை முன்பு சூடாக்கிக்கொண்டிருந்தவர்கள் அதை நிறுத்துவதால் வருவது. எப்போதும் ஆளிருக்கும் இந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எவ்வளவு காலம் வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனைக்குச் சட்டமே துணை வந்தது. பிரிட்டனின் பொருள் பாதுகாப்பு மற்றும் தொலைத்தொடர்புக் கட்டமைப்புச் சட்டத்தின் விதிகள் 2024 ஏப்ரல் 29-இல் நடைமுறைக்கு வந்தன. இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவியைத் தயாரித்து விற்கும் நிறுவனம், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான கடவுச்சொல்லோடு அதை விற்கக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எதுவரை தரப்படும் என்பதையும் வெளியிட வேண்டும். வாங்குவதை மே மாதம் வரை தள்ளிப்போட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தந்திருந்த அந்தக் காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். வாயு அடுப்புக்கும் பாய்லருக்கும் பத்து, பதினைந்து ஆண்டு ஆயுளை எதிர்பார்ப்பவர்கள், அவற்றை இயக்கும் கருவிக்கு எத்தனை ஆண்டு வாக்குறுதி இருக்கிறது என்று கேட்பதில்லை. பட்டியலிலிருந்து இரண்டு கருவிகள் இந்தக் காரணத்துக்காகவே நீங்கின.

ரிசீவர், பிரிட்டனில் பொதுவாகப் பயன்படும் சுவர்த் தகட்டில் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்பதும் முடிவானது. நாளை கருவி கைவிடப்பட்டால், எந்தப் பணியாளரும் அதைக் கழற்றி, அதே தகட்டில் சாதாரண தெர்மோஸ்டாட் ரிசீவரை மாட்டிவிடலாம். அடிப்படை வேலைகளுக்கு மாதச் சந்தா கேட்கும் கருவிகள் வேண்டாம் என்றார் மனைவி. அதில் விவாதம் எழவில்லை.

நிராகரித்தவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். குடும்பத்தாரின் போன்கள் வீட்டை விட்டு வெளியேறியதும் வெப்பத்தைத் தானாகக் குறைக்கும் அம்சம் பல கருவிகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. இந்த வீட்டில் அது ஆபத்தானது: கணவன் மனைவி இருவரின் போனும் வெளியே போய்விட்டால், செயலியைப் பொறுத்தவரை வீடு காலி. செயலியே இல்லாத தாயாரும் குழந்தையும் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. பழக்கத்தைத் தானாகக் கற்றுக்கொள்ளும் கருவிகளையும் விட்டுவிட்டோம். வாரத்துக்கு வாரம் மாறும் பணி நேரத்தில் கற்றுக்கொள்ள நிலையான பழக்கம் ஏதும் இல்லை.

தாயாரின் படுக்கையறைக்கு மட்டும், அந்த அறையின் வெப்பத்தை அளந்து தேவைப்பட்டால் பாய்லரையும் எரியச் சொல்லும் ஒரு ஸ்மார்ட் ரேடியேட்டர் வால்வு சேர்க்க வேண்டும் என்று கணவர் விரும்பினார். பாய்லரின் குறைந்தபட்ச அளவை நினைவூட்டி நான் தயங்கினேன். அந்த அறையின் கவலை அவருக்குப் பெரிதாக இருந்ததால் சேர்க்கப்பட்டது.

பொருத்துதல்

2024 செப்டம்பரில், எரிவாயு வேலை செய்ய உரிமை பெற்றவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள ஒரு பணியாளர் வந்தார். தெர்மோஸ்டாட்டை மாற்றுவது மட்டும் எரிவாயு வேலையாகாது. ஆனால் இணைப்புப் பலகையை அடைய இந்தப் பாய்லரின் உறையைக் கழற்ற வேண்டியிருந்தது, அதைப் பதிவு பெற்றவர்தான் செய்யலாம். பழைய கம்பிகளையே சுவிட்ச் முனைகளில் மாட்டிவிட்டுப் போக அவர் முனைந்தார். நிறைய இடங்களில் நடப்பது இதுதான்: ஓப்பன்தெர்ம் வசதியுள்ள பாய்லரும் தெர்மோஸ்டாட்டும் ஒரே வீட்டில் இருந்தும் அவை ஒருபோதும் அந்த மொழியில் பேசிக்கொள்வதில்லை. கையேட்டின் பக்கத்தைக் காட்டிக் கேட்டதும் மறுக்காமல் செய்து கொடுத்தார். ஓப்பன்தெர்ம் முனைகள் குறைந்த மின்னழுத்தம் கொண்டவை; 230 வோல்ட் கம்பி தவறி அங்கே போனால் பலகையே கருகிவிடும் என்பதால், இதைச் சொந்தமாகச் செய்து பார்க்க யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவர்த் தெர்மோஸ்டாட் நடைபாதையிலிருந்து வரவேற்பறைக்கு மாற்றப்பட்டது. வெயில் படாத உட்சுவரில், ரேடியேட்டரிலிருந்து தள்ளி, தாயார் கண்ணாடி போடாமலே எண்ணைப் படிக்கும் உயரத்தில் வைத்தோம். அந்த அறை ரேடியேட்டரின் வால்வு முழுவதும் திறந்துவிடப்பட்டது.

கிளம்பும் முன் ரவுட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கச் சொன்னேன். தாயார் தெர்மோஸ்டாட்டை 19-லிருந்து 22-க்குத் திருப்பினார். சிறிது நேரத்தில் சமையலறைப் பக்கம் விசிறிச் சத்தம் கேட்டது, பாய்லர் எரிந்தது. பணியாளரிடம் அதுவரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று கணவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

தொடர்ந்து நடந்தவை

முதல் புகார் அக்டோபரிலேயே வந்தது: ரேடியேட்டர் சுடவில்லை. தாயார் கைவைத்துப் பார்த்திருக்கிறார்; முன்பெல்லாம் கை வைக்க முடியாத சூடு, இப்போது வெதுவெதுப்புதான். பாய்லர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி தெர்மோஸ்டாட்டை 25 வரை ஏற்றி வைத்திருந்தார். கணவர் செயலியில் பார்த்தபோது நீரின் வெப்பம் 45 டிகிரி சுற்றளவில் இருந்தது. எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ரேடியேட்டரின் சூட்டையே வீட்டின் சூடாக நாற்பது ஆண்டு பழகியவருக்கு அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. அறையில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். அதில் 20 நிற்பதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வாரத்தில் அவர் ரேடியேட்டரைத் தொடுவதை விட்டுவிட்டார்.

படுக்கையறை வால்வுதான் உண்மையான சிக்கலைத் தந்தது. இரவில் வீட்டின் மற்ற பகுதிகள் தணிந்த பிறகு, அந்த ஓர் அறை மட்டும் சூடு கேட்கும். அதன் ரேடியேட்டர் ஏறக்குறைய 1 கிலோவாட் வெளியிடுவது. பாய்லரால் 7-க்குக் கீழே போக முடியாது. விளைவு, பழையபடி பற்றி அணைதல், அதுவும் நள்ளிரவில், சமையலறைக்கு மேலே படுத்திருக்கும் குழந்தையின் அறைக்குக் கேட்கும்படி. டிசம்பரில் அந்த வால்வு பாய்லரை அழைக்கும் உரிமையைச் செயலியில் நீக்கிவிட்டு, வீடு முழுவதற்கும் இரவு வெப்பத்தை 16-லிருந்து 18-க்கு உயர்த்தினார்கள். வால்வு இப்போது அந்த அறையின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானியாக மட்டும் பயன்படுகிறது. கணவருக்கு வேண்டியிருந்ததும் பெரும்பாலும் அதுதான்.

அதே மாதத்தில் ஒரு பிற்பகல் இணையம் நின்றுபோனது. வீட்டில் இருந்த தாயாருக்கு அது தெரியவே இல்லை. செயலியில் எதுவும் தெரியாததால் பதறியவர் மருத்துவமனையில் இருந்த மகன்தான்.

குளிர்காலம் முடிந்ததும் மீட்டர் அளவுகளை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டோம். வெளிக்குளிரின் வேறுபாட்டை டிகிரி நாள் கணக்கில் சரிசெய்த பிறகும் எரிவாயுப் பயன்பாடு தெளிவாகக் குறைந்திருந்தது. இந்தக் குறைவில் தெர்மோஸ்டாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடைபாதை வால்வின் மோதல் நீங்கியதும், நீரின் வெப்பம் தணிந்ததும், தெர்மோஸ்டாட் இடம் மாறியதும் ஒரே நாளில் நடந்தவை. பெரும்பங்கு முதல் இரண்டுக்கு உரியது என்பது என் கணிப்பு.

2025 ஏப்ரலில் கூகுள், நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு அக்டோபர் 25 முதல் ஆதரவு இராது என்றும், ஐரோப்பாவில் புதிய நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளை இனி அறிமுகப்படுத்தப் போவதில்லை என்றும் அறிவித்தது. இரண்டாம் தலைமுறைக் கருவி ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது 2014-இல். இந்தக் குடும்பத்தின் உறவினர் ஒருவர் அதைத்தான் வைத்திருந்தார். தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போன் வழியான இயக்கம் நிற்கும், புதுப்பிப்புகள் வாரா; சுவரில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் கருவி வழக்கம்போல இயங்கும், அட்டவணையும் அதிலேயே இருக்கும். வளையமே இல்லாத கருவியாக இருந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் உள்ள அடுத்த வீட்டில் வரிசையை மாற்றுவேன். முதலில் ரேடியேட்டர் வால்வுகளைச் சரிசெய்து, பாய்லர் நீரின் வெப்பத்தைக் கைமுறையாக 60-க்குக் குறைத்து, பழைய தெர்மோஸ்டாட்டோடேயே சில வாரங்கள் பார்க்கச் சொல்வேன். செலவில்லாத இந்த இரண்டிலும் குறை தீர்ந்துவிட்டால், வாங்க வேண்டிய கருவி இன்னும் எளியதாக இருக்கலாம்.

தனியறை வால்வு பற்றிய பேச்சு வரும்போது, பாய்லரின் குறைந்தபட்ச அளவையும் அந்த ரேடியேட்டரின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். வாயால் சொன்னது போதவில்லை. ரேடியேட்டர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்பதைப் பொருத்தும் நாளிலேயே வீட்டில் அதிக நேரம் இருப்பவரிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

கணக்கு இப்போது கணவன் மனைவி இருவரும் திறக்கக்கூடிய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. பாய்லர் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஓர் அட்டை ஒட்டப்பட்டுள்ளது: ரிசீவரின் கைமுறைப் பொத்தான் எங்கே, தெர்மோஸ்டாட்டுக்கு எந்த பேட்டரி, வைஃபை மாறினால் என்ன செய்ய வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை. எண்ணெய் டப்பாக்கள் வேறு அலமாரிக்குப் போய்விட்டன. அந்த ஆண்டு வரும்போது நிறுவனம் காலத்தை நீட்டித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீட்டிக்கவில்லை என்றால் கருவியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டுச் சுவரில் திருப்பியே பயன்படுத்துவதாக இருக்கிறார்கள்.